பாலின் மேல் விழுந்த பழி

திருமறையின் தேனீ அத்தியாயத்தில் 66ஆம் வசனத்தை மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும்போதெல்லாம், ஒரு சொல்லை மட்டும் நாம் அவசரமாகக் கடந்து போவது வழக்கமாயிருந்தது. கால்நடைகளின் வயிற்றில் ‘ஃபர்ஸ்’ என்பதற்கும் இரத்தத்திற்கும் நடுவிலிருந்து கலப்பற்ற பாலை இறைவன் அருந்தத் தருகின்றான் என்பது அவ்வசனத்தின் கருத்து. ‘ஃபர்ஸ்’ என்றால் சாணம் என்று ஒரு வார்த்தையில் பொருள் சொல்லிவிடுவோம். பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள். அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம்.

அந்தப் பொருள் முழுப் பிழையன்று. நுட்பம் தவறிய பொருள். வெளியே விழுந்துவிட்ட சாணத்துக்கு அரபு மொழியில் ‘ரவ்ஸ்’ என்று வேறு பெயர் உண்டு. ‘ஃபர்ஸ்’ என்பதோ வயிற்றினுள் இருக்கும்வரைதான் ஃபர்ஸ். மாடு மேய்ந்து விழுங்கிய புல்லும் வைக்கோலும் ‘கரிஷ்’ எனப்படும் பெருவயிற்றில் ஊறியும் நொதித்தும் கிடக்கும் நிலைக்கு அது பெயர். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் தஃப்ஸீர் ஜலாலைனும் இவ்வாறே விளக்குகின்றது. நாமும் அதை ஓதியிருந்தோம், ஓதியும் கொடுத்திருந்தோம். ஆனால் கண் அந்தச் சொல்லின்மேல் நிற்கவில்லை. நிற்க வைத்தது ஒரு கைம்பெண்ணின் கறவை மாடு. அதைச் சொல்வதில் நமக்குக் கூச்சம் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சில் கிடப்பதை இனியாவது இறக்கி வைப்போமென்றே எழுதத் துணிந்தோம்.

2004ஆம் ஆண்டின் ரமளான் ஐப்பசி அடைமழையோடு வந்தது. அப்போது நாம் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிற்றூர் மத்ரஸாவில் ஓதிக்கொடுத்து வந்தோம். தராவீஹ் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் பயானும் நம்முடைய பொறுப்பாயிருந்தது. அடுத்த தெருவில் ஓர் அம்மையார், கணவரை இழந்தவர். நம்மைவிடப் பத்து வயது மூத்தவராதலால் லாத்தா என்றே அழைப்போம். ஒரு கலப்பின ஜெர்சிப் பசுவும் பத்து வயதுப் பெண் பிள்ளையுமே அவருக்கு உலகம். ஐந்து வீடுகளுக்கு வாடிக்கையாகப் பால் ஊற்றி வந்தார். அந்த ஐந்தில் நம் வீடும் ஒன்று. அந்தப் பிள்ளை நம்மிடம்தான் குர்ஆன் ஓதிற்று.

நோன்புக் கஞ்சியைப் பற்றி வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அஸர் நேரத்தில் அண்டாவில் கொதிக்கும். பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்பார்கள். அந்த ஆண்டு மழையினால் வரத்துக் குறைந்து நாள்தோறும் கஞ்சி மிஞ்சிற்று. எங்கள் பள்ளியில் கஞ்சிக்குக் கறி சேர்ப்பதில்லை. அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு அவ்வளவுதான். அதைக் கொட்டுவானேன், லாத்தாவின் மாட்டுக்குக் கொடுத்தால் அவருக்கும் தீவனச் செலவு மிச்சமாகுமே என்று நாமே யோசனை சொன்னோம். தினமும் இரண்டு வாளி கஞ்சி போயிற்று. ஸஹருக்குப் பொங்கி மிஞ்சிய சோற்றையும் சில வீட்டார் அனுப்பினார்கள். வாயில்லா ஜீவனுக்கும் கைம்பெண்ணுக்கும் ஒருசேர உதவிவிட்டோம் என்று நமக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி.

இரண்டாவது வாரத்திலேயே பால் நீர்த்துப் போயிற்று. காய்ச்சினால் ஏடு படியவில்லை. தேநீரில் ஊற்றினால் நிறம் ஏறவில்லை. இலேசான பூண்டு வாடைகூட இருந்ததாக நம் வீட்டார் சொன்னார்கள். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டை விரல் நகத்தில் ஒரு துளி விட்டுக் காட்டினார். துளி நிற்காமல் ஓடிற்று. “பார்த்தீர்களா ஹஜ்ரத்? தண்ணீர்தான்!” என்றார். நாமும் பார்த்தோம்; நம்பினோம்.

அன்றிரவு பயானில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இருளில் நகரைச் சுற்றி வந்தபோது செவியுற்ற பேச்சை எடுத்துக்கொண்டோம். பாலில் தண்ணீர் கலக்கும்படித் தாய் சொல்ல, உமர் பார்க்காவிட்டாலும் உமரின் இறைவன் பார்க்கின்றானே என்று மகள் மறுத்த நிகழ்ச்சியைத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அறியாதார் இல்லை. அந்த மகளின் வழியிலேயே உமர் இப்னு அப்துல் அஸீஸ் தோன்றினார் என்பதையும் சொல்லி, நம் ஊரிலும் அத்தகைய மகள்கள் தேவைப்படுகின்றனர் என்று முடித்தோம். எவர் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தாயும் மகளுமாக இருந்து பால் விற்கும் வீடு ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மறுநாள் மூன்று வீட்டார் பாலை நிறுத்தினர். அதற்கு மறுநாள் அந்தப் பிள்ளை ஓத வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று எண்ணிக்கொண்டோம். இவ்வளவும் நோன்பு வைத்த வயிற்றோடு!

பெருநாளைக்கு நம் பழைய மாணவர் ஒருவர் பார்க்க வந்திருந்தார். மத்ரஸாப் படிப்பை நடுவில் விட்டுவிட்டு வேறோர் ஊரில் பால் கூட்டுறவுச் சங்கமொன்றில் பால் பரிசோதிக்கும் வேலைக்குப் போனவர். அவரை அந்நாளில் பாதியில் ஓடியவர் என்று கேலி செய்ததும் நாமே. பேச்சு வாக்கில் பால் கதையைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “ஹஜ்ரத் அளந்து பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். நகத்தில் விட்டுப் பார்த்ததைச் சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் விடியற்காலை நம்மையும் அழைத்துக்கொண்டு லாத்தாவின் கொட்டிலுக்குப் போனார். கன்றைக் கட்டிவைத்து, நம் கண்ணெதிரிலேயே கடைசிச் சொட்டுவரை கறக்கச் செய்தார். முதலில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு, கடைசியில் வடிவதில்தான் அதிகம், பாதியில் எடுத்த பால் சாட்சியாகாது என்றார். (கடைசிப் பாலைக் கன்றுக்கு விடும் வீடுகளில் ஏடு குறைவதன் இரகசியம் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.) நன்றாகக் கலக்கி ஒரு புட்டியில் எடுத்துக்கொண்டு தம் சங்கத்துக்குப் போனவர் மாலையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு திரும்பினார். கொழுப்பு நூற்றுக்கு 2.7. கொழுப்பு நீங்கலான மற்றச் சத்து, அதாவது புரதமும் பாற்சர்க்கரையும் உப்புகளும் சேர்ந்தது, 8.5.

“தண்ணீர் ஊற்றினால் இரண்டும் சேர்ந்துதான் இறங்கும், ஹஜ்ரத். இங்கே ஒன்று மட்டும் இறங்கியிருக்கிறது. ஏட்டை எடுத்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஆனால் நம் முன்னாலேயே கறந்தது. இது மாட்டின் வயிற்றில் நடந்த காரியம்.”

அந்த ஒரு வாக்கியத்தின் கனத்தை வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மன்திக் கிதாபில் பிரமாணம், முடிவு என்று ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியவர் நாம். இரு பொருள்களுள் எது குறைந்தது, எது குறையவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. பாதியில் ஓடியவருக்குத் தோன்றிற்று.

காலையில் அவர் கொட்டிலில் பார்த்தவற்றையும் சொன்னார். சாணம் இளகிக் கிடந்தது. மாடு படுத்திருந்தும் அசை போடவில்லை. முன் தையில் போட்ட வைக்கோல் போர் மழையில் அடியோடு நனைந்து மக்கிவிட்டதால் காடியில் ஒரு துரும்பும் இல்லை. வரப்பில் அறுத்த இளம்புல் மட்டும் கிடந்தது. ஒரு மாதமாக அந்த மாட்டின் வயிற்றை நிரப்பியவை இளம்புல்லும், சோறும், நாம் அனுப்பிய கஞ்சியும்தான்.

மாட்டின் பெருவயிறு நம் இரைப்பையைப் போன்றதன்று. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. வைக்கோலின் நாரை மாடு தானாகச் செரிக்க முடியாது. அந்நுண்ணுயிர்களே அதைச் சிதைத்து அமிலங்களாக்குகின்றன. நாரிலிருந்து மிகுதியாகக் கிடைப்பது வினிகரில் உள்ள அதே அசிட்டிக் அமிலம். அது இரத்தத்தில் கலந்து மடிக்குப் போகிறது. மடி அதைக் கொண்டுதான் பாலின் கொழுப்பில் கணிசமான பகுதியை நெய்கிறது. சோறு, கஞ்சி முதலிய மாவுப் பொருள்களிலிருந்து மிகுவதோ புரோப்பியானிக் அமிலம். அது ஈரலில் சர்க்கரையாகி உடம்புக்கு வலுவையும் பாலுக்கு இனிப்பையும் தரும், கொழுப்பைத் தராது. வைக்கோல் கொழுப்புக்கும், சோறு இனிப்புக்கும் வழியாவது விந்தைதான். நாம் நேர்மாறாக எண்ணியிருந்தோம்.

கேடு இத்தோடு நிற்பதில்லை. நீண்ட வைக்கோலைத் தின்ற மாடு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அசை போடப் போட உமிழ்நீர் ஊறும். பெரிய மாடாயின் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஊறுகிறது. அந்த உமிழ்நீரில் சோடா உப்பின் தன்மை உண்டு. பெருவயிற்றின் புளிப்பை அது தணித்துக்கொண்டே இருக்கிறது. கஞ்சியை அசை போட வேண்டியதில்லை. உமிழ்நீரும் ஊறாது. மாவோ விரைந்து நொதித்துப் புளிக்கும். வயிறு புளித்தால் அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டமே மாறிவிடுகிறது. மாறிய கூட்டம், புல்லிலுள்ள எண்ணெய்ச் சத்தைத் திரித்து ஒருவகைக் கொழுப்பமிலத்தை உண்டாக்க, அது மடியை அடைந்து கொழுப்பு நெய்யும் வேலையையே தடுக்கிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். பூண்டு வாடைக்கும் காரணம் அதே கஞ்சிதான். பூண்டு, வெங்காயத் தாள் போன்றவற்றின் மணம் இரத்தத்தின் வழியே பாலுக்கு வந்துவிடும். ஆகவே அத்தகையவற்றைக் கொடுத்தே தீரவேண்டுமாயின் கறந்த பிறகு கொடுப்பதே முறை.

தண்ணீர் அதிகம் குடித்த மாட்டின் பால் நீர்க்கும் என்று ஊரில் சொல்வார்கள். அது சரியன்று. பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு எப்போதும் தண்ணீரே. மடிக்குள் எவ்வளவு பாற்சர்க்கரை உண்டாகிறதோ அந்த அளவுக்கு அது நீரை இழுத்துக்கொள்கிறது. ஆதலால் பாற்சர்க்கரையின் விகிதம் தீவனத்தால் பெரிதும் மாறுவதில்லை. புரதம் சிறிதளவு மாறும். மாடு பட்டினி கிடந்தால் இறங்கும். தீவனத்துக்கு உடனே ஆடுவது கொழுப்புத்தான். பசும்புல் தின்னும் மாட்டின் வெண்ணெய் மஞ்சளாவதும், பருத்திக்கொட்டை தின்னும் மாட்டின் வெண்ணெய் இறுகுவதும் இவ்வகையே. எருமை அதே புல்லைத் தின்றும் வெள்ளையாகவே கறக்கிறது. புல்லின் மஞ்சள் நிறச் சத்தை அது வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு வீடு திரும்பி, அன்றிரவே கிதாபுகளை விரித்தோம். ஹிஜ்ரி 606இல் மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸி இவ்வசனத்தின்கீழ் எழுதியிருப்பது நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. பெருவயிற்றிலேயே அடியில் சாணமும் மேலே இரத்தமும் இடையில் பாலுமாகப் பிரிகின்றன என்று ஒரு விளக்கம் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது. இமாம் அதை எடுத்து வைத்துவிட்டு, இத்தனை பிராணிகள் அறுக்கப்படுகின்றனவே, எவரேனும் அவற்றின் பெருவயிற்றில் பாலையோ இரத்தத்தையோ கண்டதுண்டா என்று வினவுகின்றார். தீனியின் சாரம் இரத்தமாகி, மடியை அடைந்த பிறகே பாலாகிறது என்பது அவருடைய முடிவு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலிம், அறுத்த பிராணியின் வயிற்றைக் கண்ணால் பார்த்ததை ஆதாரமாக வைத்துப் பேசியிருக்கின்றார். நாம் ஒரு நகத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்திருந்தோம்.

தீவனத்துக்கும் பாலுக்கும் உள்ள உறவு நம் ஃபிக்ஹு நூல்களிலும் இல்லாமலில்லை. அசுத்தத்தைத் தின்று திரியும் பிராணிக்கு ‘ஜல்லாலா’ என்று பெயர். அதன் இறைச்சியையும் பாலையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜில் இமாம் நவவீ, இறைச்சியில் மாற்றம் வெளிப்பட்டால் அது மக்ரூஹ் என்றும், சுத்தமான தீனி கொடுத்து அது நலமாகிவிட்டால் ஆகும் என்றும் எழுதுகின்றார். மாட்டுக்கு முப்பது நாள் என்றும் நாற்பது நாள் என்றும் நூல்களில் கணக்குகள் உண்டு. மாற்றம் நீங்குவதே அளவுகோல். நகரங்களில் குப்பைத் தொட்டியில் மேய்ந்து, சுவரொட்டியின் பசையை நக்கி, பாலித்தீன் பையை விழுங்கி நிற்கும் மாடுகளைக் காணும்போது இந்தப் பாடம் நினைவுக்கு வராத ஆலிம் இருக்க முடியாது. அதைப் பற்றி எவரும் பயான் செய்யக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

கண்ணுக்குத் தெரியாத அசுத்தமும் உண்டு. ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு ஊறுகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோதுதான், அவை தின்ற கடலைப் பிண்ணாக்கிலிருந்து அது கண்டுபிடிக்கப்பட்டது. மாடு தின்றால் ஒரு நாளைக்குள் அந்நஞ்சின் மாற்றுருவம் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. அந்தப் பிண்ணாக்கை நிறுத்தினால் சில நாட்களில் பால் தெளிந்துவிடும். 2018இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைப் பரிசோதித்ததில் 368இல் இந்நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அதிகமாகக் காணப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. பாலில் தண்ணீர் கலக்கிறார்களா என்று விரலை நனைத்துப் பார்க்கும் நாம், மாட்டுக்கு என்ன போடுகிறீர்கள் என்று பால்காரரைக் கேட்டதுண்டா?

லாத்தாவின் வீட்டுக்கு மறுநாள் காலையில் போனோம். மாணவரும் உடன் வந்தார். அவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவதூறு சொல்லிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, “கஞ்சி குடிச்ச நாலாம் நாளே மாடு கழிஞ்சுது ஹஜ்ரத்” என்றார்.

“அப்படியானால் வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே, லாத்தா?”

“பள்ளிவாசல்லேருந்து வர்றது. ஹஜ்ரத் சொல்லி அனுப்புறது. அதப் போயி எப்புடி வேணாங்குறது?”

நமக்கு அதற்கு மேல் பேச்சு எழவில்லை. பொறுத்துக்கொண்டேன் என்று அவர் அன்று சொல்லவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் பயானில், உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொன்ன அதே இடத்தில் நின்று, இம்முறை வீட்டை அடையாளம் சொல்லியே, அந்தப் பாலில் ஒரு துளித் தண்ணீரும் கலக்கப்படவில்லை, அளந்து பார்த்தாயிற்று, பழி சொன்ன நாவு நம்முடையது, பாலைக் கெடுத்த கஞ்சியும் நாம் அனுப்பியது என்று சொன்னோம். சிலர் நம்மைப் பார்த்தனர். சிலர் கீழே பார்த்தனர். நகத்தில் துளி விட்ட பெரியவர் தொழுகை முடிந்ததும் நிற்காமல் போய்விட்டார்.

மேட்டாங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து ஒரு வண்டி உலர்ந்த வைக்கோலும் கொஞ்சம் சோளத்தட்டையும் வரவழைத்தோம். மாணவர் சொன்னபடி வைக்கோலை முன்னே கொடுத்து, பசும்புல்லைப் பின்னே கொடுத்து, தவிடும் பிண்ணாக்கும் அளவோடு வைத்து, சோற்றை அறவே நிறுத்தினார் லாத்தா. மூன்றாவது வாரம் மாணவர் மறுபடியும் புட்டியில் எடுத்துப்போய்ப் பார்த்தார். கொழுப்பு 3.9. பசும்பாலுக்கு இன்று சட்டம் கேட்பது 3.2தான்.

வைக்கோலை இனாமாக வாங்க லாத்தா சம்மதிக்கவில்லை. “சும்மா வந்ததக் குடுத்துத்தான் இவ்வளவும்” என்றார். நாளொன்றுக்கு ஓர் ஆழாக்குப் பால் கூடுதலாக ஊற்றிக் கடனைக் கழிப்பதென்று அவரே கணக்குப் போட்டார். பிள்ளைதான் பால் கொண்டுவரும். ஊற்றிவிட்டு நம் திண்ணைச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். முதல் சில நாட்கள் நிமிர்ந்து பார்க்காமலே போயிற்று. மார்கழி பாதியில் ஒருநாள், பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, விட்ட பாடம் எதுவென்று கேட்டது.

பாலை நிறுத்திய மூன்று வீட்டாரில் இருவர் மீண்டும் வாங்கினர். மூன்றாமவர் நாம் அந்த ஊரை விட்டு வரும்வரை வாங்கவேயில்லை. ஒருமுறை நேரிலேயே போய் விளக்கினோம். “அதெல்லாம் சரிதான் ஹஜ்ரத், இருந்தாலும்…” என்று இழுத்தார்.